அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு மறுநிரப்பல்: பித்தளை உறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு தோட்டாவைச் சுட்டு முடித்தபின் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது பித்தளை உறை மட்டும்தான். மறுநிரப்பல் என்ற கலையே அந்த மிச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. குண்டு, மருந்து, பிரைமர் மூன்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குகிறோம். உறை மட்டும் தன் பழைய கதையைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது. எந்தத் துப்பாக்கியில் வெடித்தது, எத்தனை முறை வெடித்தது, எவ்வளவு நீண்டது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு உறை தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கதையைத்தான். தயாரிப்பாளரின் பெயர் இரண்டாம் பட்சம்.

உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் உரிமமும் மறுநிரப்பலை அனுமதிக்கின்றன என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மருந்தின் வகைக்கும் அளவுக்கும் அச்சிடப்பட்ட நிரப்பல் கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். இங்கே பேசப்போவது உறையைப் பற்றி மட்டுமே.

அரைத் தானியங்கி ஏன் தனி விஷயம்?

தோட்டாவுக்குப் பின்னால் வழியை அடைக்கும் போல்ட்டைக் கையால் தள்ளி மூடும் துப்பாக்கியில் உறை சற்றுப் பெரிதாக இருந்தால் கை சொல்லிவிடும். போல்ட் இறுகும், நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். அரைத் தானியங்கியில் அந்தத் தூது கிடையாது. சுருள்வில் போல்ட்டை முன்னால் வீசுகிறது. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் உறை முழுதாக உட்கார்ந்தால் சரி. பாதியில் நின்றால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதைவிட மோசமானது, போல்ட் முழுதாகப் பூட்டுவதற்கு முன்பே வெடித்துவிடும் வாய்ப்பு.

உறை வெளியேறும்போதும் நிதானம் இல்லை. குழலில் சற்று அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது, எஜெக்டர் அடிப்பாகத்தைத் தட்டித் தள்ளுகிறது. உறை பறந்துபோய்த் தரையிலோ துப்பாக்கியின் பக்கவாட்டிலோ மோதுகிறது. விளிம்பில் கீறல், வாயில் நசுங்கல், உடலில் பள்ளம் எல்லாம் இதனால் வருபவை. ரோலர் தாமத முறையில் இயங்கும் ஜி3 வகைத் துப்பாக்கிகளின் சேம்பரில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து வரும் உறையின் உடலில் வரிவரியாகக் கோடுகள் தெரியும். கோடுகளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஆனால் அவ்வகைத் துப்பாக்கிகள் உறையை வீசுகிற வேகத்தில் உடல் மடங்கிப் போவதுண்டு. அப்படிப்பட்டவற்றைக் கழித்துவிடுங்கள்.

முதல் படி: அடிமுத்திரையைப் படியுங்கள்

உறையின் அடியில் பிரைமரைச் சுற்றி அச்சிடப்பட்டிருப்பதுதான் அடிமுத்திரை. வணிக உறைகளில் தயாரிப்பாளரின் பெயரும் “.223 ரெமிங்டன்”, “.308 வின்செஸ்டர்” என்பதுபோல் காலிபரும் இருக்கும். அமெரிக்க ராணுவ உறைகளில் காலிபர் பெரும்பாலும் இருக்காது. தொழிற்சாலையின் குறியெழுத்து, ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், நேட்டோ தரத்தைக் காட்டும் வட்டத்துக்குள் சிலுவை, இவ்வளவுதான். மிசூரி மாநிலத்தில் 1941-இல் தொடங்கப்பட்ட லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலையின் “எல்சி” முத்திரையை மறுநிரப்புபவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆண்டு இலக்கம் இருப்பது பெரிய வசதி. ஒரே ஆண்டு உறைகளைப் பிரித்து வைத்தாலே பாதி ஒழுங்கு வந்துவிடும்.

.223 ரெமிங்டனும் 5.56 நேட்டோவும் வெளி அளவில் ஒன்றே. வேறுபாடு துப்பாக்கியின் சேம்பரிலும் தோட்டாவின் அழுத்தத்திலும்தான். ஆகவே சரியாக அளவு திருத்தியபின், அதாவது டை என்னும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபின், இரண்டு முத்திரை உறைகளையும் பயன்படுத்தலாம். .308 வின்செஸ்டரும் 7.62×51 நேட்டோவும் அப்படியே. ஆனால் கலந்து நிரப்பக்கூடாது. ஏன் என்பது நான்காம் படியில் வருகிறது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். .300 பிளாக்அவுட் உறை .223-இன் வழி வந்தது. நீளத்தைக் குறைத்து, கழுத்தை .30 குண்டுக்கு ஏற்ப விரித்து அதைச் செய்கிறார்கள். வீட்டில் .223 உறையை வெட்டிச் செய்பவர்களும் உண்டு. அப்போது முத்திரை பழைய .223 என்றே இருக்கும். இரண்டும் ஒரே மாகசினில் அடங்கும், ஒரே போல்ட்டில் பொருந்தும். .300 பிளாக்அவுட் தோட்டா 5.56 சேம்பரில் ஏறி வெடித்தால் துப்பாக்கி உடையும், பிடித்திருப்பவரின் முகமும் கையும் ஆபத்தில் இருக்கும். இரண்டு துப்பாக்கிகளும் வைத்திருப்பவர் உறைகளை வேறு வேறு நிறப் பெட்டிகளில், முடிந்தால் வேறு வேறு அலமாரிகளில் வைக்கட்டும்.

இரண்டாம் படி: பித்தளைதானா என்று பாருங்கள்

தோட்டா உறைக்கான பித்தளை 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்தது. வெடிக்கும்போது விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும், அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கி விடுபடும். இந்த மீள்தன்மைதான் மறுநிரப்பலைச் சாத்தியமாக்குகிறது. எஃகு உறைக்கும் அலுமினிய உறைக்கும் இந்த ஆயுள் இல்லை. அவற்றை ஒதுக்கிவிடுங்கள். செம்பு முலாம் பூசிய எஃகு உறை மங்கலான வெளிச்சத்தில் பித்தளைபோலவே தோன்றும். ஒரு சிறு காந்தம் நொடியில் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, வாய்வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் நடுவே ஒரே ஒரு துளை இருந்தால் அது பாக்சர் வகை. நமக்கு வேண்டியது அதுவே. நடுவிலிருந்து விலகி இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை. அதைச் சாதாரண டையில் போட்டால் பிரைமரைத் தள்ளும் ஊசி உடையும். உறையும் ஊசியும் இரண்டும் போகும்.

மூன்றாம் படி: எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

நான்கு வழிகளில் உறை கைக்கு வரும்.

புத்தம்புதிய வெற்று உறை முதல் வழி. பின்லாந்தின் லபுவா, அமெரிக்காவின் ஸ்டார்லைன் போன்ற தயாரிப்புகள் சீரானவை. போட்டிச் சுடுதலில் நெடுந்தூர இலக்குக்கு அவை நியாயம். ஆனால் உறையைப் புல்வெளியில் வீசும் துப்பாக்கிக்கு உயர்விலை உறை வாங்குவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. தொலைந்துபோகும் ஒவ்வொன்றும் மனதை உறுத்தும், உறுத்துகிற உறையைக் கழிக்க வேண்டிய நேரத்தில் கழிக்க மனம் வராது. புதிய உறை என்றாலும் நேரே நிரப்பாதீர்கள். பயணத்தில் வாய் நசுங்கியிருக்கும். ஒருமுறை டையில் ஏற்றி, நீளம் பார்த்து, வாய் விளிம்பைச் சீவிவிடுங்கள்.

இரண்டாவது, நீங்களே வாங்கிச் சுட்ட தொழிற்சாலைத் தோட்டாவின் உறை. என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சிறந்த வழி. ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதித் தோட்டாக்களை மொத்தமாக வாங்கி, உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, உறைகளைச் சேகரித்தால் அவற்றின் முழுக் கதையும் உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, “ஒருமுறை சுட்டது” என்று விற்கப்படும் உறை. ராணுவ உறை என்றால் பிரைமரைச் சுற்றியுள்ள அழுத்த வளையம் கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரும் இதுவரை மறுநிரப்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று தெரியாது. இயந்திரத் துப்பாக்கிகளின் சேம்பர் தாராளமானது. அவற்றில் வெடித்த 7.62 உறை முதல் வெடிப்பிலேயே கணிசமாக நீண்டிருக்கும். அதைப் பழைய அளவுக்குத் தள்ளும்போது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துவிடுகிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

நான்காவது, சுடுதளத்தில் பொறுக்கியது. இலவசம் என்பதுதான் இதன் ஒரே தகுதி. ஐந்து முறை நிரப்பி அலுத்துப்போனவர் விட்டுச்சென்றதாகவும் இருக்கலாம். பொறுக்குங்கள், ஆனால் ஐந்தாம் படியின் சோதனையை ஒவ்வொன்றுக்கும் செய்யப் பொறுமை இருந்தால் மட்டும்.

நான்காம் படி: எடையும் கொள்ளளவும்

வெளி அளவு ஒன்றே என்றால் கனமான உறையின் சுவர் தடித்தது, உள்ளிடம் குறைவு. உள்ளிடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தம் தரும். .308-இல் இது கண்கூடு. ராணுவ 7.62 உறை ஒன்றையும் எடை குறைந்த வணிக உறை ஒன்றையும் தராசில் வைத்தால் 20 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) வரை வேறுபடலாம். பித்தளை தண்ணீரைவிட ஏறக்குறைய எட்டரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே 20 கிரெய்ன் கூடுதல் பித்தளை என்றால் இரண்டு கிரெய்னுக்கு மேல் தண்ணீர் இடம் பறிபோகிறது. .308 உறை முழுவதும் கொள்வதே சுமார் 56 கிரெய்ன் தண்ணீர்தான். .308-க்கு அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, .223-க்கு 55,000. ஏற்கெனவே உச்சத்தை ஒட்டி நிரப்பியவருக்கு அந்த இரண்டு கிரெய்ன் இடம் சிறிய விஷயமல்ல.

.223-இல் ராணுவ உறை என்றாலே கனம் என்று சொல்லிவிட முடியாது. சில வணிக உறைகள் லேக் சிட்டி உறையைவிடக் கனமானவை. உறையே சுமார் 30 கிரெய்ன் தண்ணீர்தான் கொள்ளும் என்பதால் சிறு வேறுபாடும் விகிதத்தில் பெரிதாகும். எனவே பொது விதியை நம்பாமல் அளந்து பாருங்கள்.

அளப்பது எளிது. சுட்ட பிரைமரை எடுக்காமல், அளவு திருத்தாத உறை ஐந்தை எடுத்து வெறுமனே எடை போடுங்கள். சொட்டுக் குழாயால் வாய் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். மேற்பரப்பு குவிந்தோ குழிந்தோ இல்லாமல் சமமாக இருக்க வேண்டும், உள்ளே காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் உறையை மெல்லத் தட்டி வெளியேற்றுங்கள். மீண்டும் எடை போட்டுக் கழித்தால் கொள்ளளவு. ஒரே துப்பாக்கியில் வெடித்த உறைகளையே ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சேம்பர் வேறுபாட்டை அளந்துகொண்டிருப்பீர்கள்.

உறையின் முத்திரை மாறினால் நிரப்பலையும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, படிப்படியாக மேலேறுங்கள். கலப்பு முத்திரைகளை நிரப்பியே தீர வேண்டும் என்றால் பயிற்சிக்கான மிதமான நிரப்பலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உறையைக் கையிலெடுத்துப் பாருங்கள்

இதற்கு இயந்திரம் வேண்டாம். நல்ல வெளிச்சமும் ஒரு காகிதக் கவ்வியும் போதும்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். நான்கைந்து உறைகளை உள்ளங்கையில் குலுக்குங்கள். நல்ல பித்தளை மணிபோல் ஒலிக்கும், வெடிப்பு விட்டது மந்தமாகத் தட்டும். கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் ஆழமான பள்ளம் இருந்தால் கழியுங்கள். வாய் மட்டும் வட்டம் இழந்திருந்தால் டை சரிசெய்துவிடும். புதிய ராணுவ உறைகளில் கழுத்தும் தோளும் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். தொழிற்சாலையில் கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கியதன் தடம் அது. குறை அல்ல. வணிக உறைகளிலும் அந்தச் செயல் நடக்கிறது, பிறகு பளபளப்பாக்கி மறைத்துவிடுகிறார்கள்.

இனி முக்கியமான இடம். அடிப்பாகத்திலிருந்து சற்று மேலே, கெட்டியான அடித்தளம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், உறையைச் சுற்றி ஒளிரும் மெல்லிய வளையம் தெரிகிறதா? அங்கேதான் உறை நீண்டு மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். பிரிந்தால் அடிப்பாதி வெளியே வரும், மேற்பாதி சேம்பரில் தங்கிவிடும். அரைத் தானியங்கி அடுத்த தோட்டாவை அதற்குள்ளேயே செருகப் பார்க்கும்.

காகிதக் கவ்வியை நேராக்கி, நுனியில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் செங்கோணமாக வளைத்து, நுனியைக் கூராக்குங்கள். உறைக்குள் அடிவரை விட்டு, சுவரோடு அழுத்தியபடி மெல்ல மேலே இழுங்கள். அடித்தளத்தின் சரிவில் ஏறி வந்த நுனி சட்டென ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கினால் உறையின் ஆயுள் முடிந்தது. பழகாத கைக்குச் சந்தேகம் வரும். புதிய உறை ஒன்றில் முதலில் தடவிப் பார்த்து அந்த வழவழப்பை நினைவில் வைத்துக்கொண்டால் சந்தேகம் தீரும். டையில் உரசியதால் வெளியே பளபளக்கும் வளையமும் உண்டு, அதற்கும் மெலிவுக்கும் தொடர்பில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டியது கவ்வியின் நுனிதான்.

எக்ஸ்ட்ராக்டர் இழுத்த விளிம்பையும் பாருங்கள். சிறு கீறலை அரம் தடவிச் சரிசெய்யலாம். விளிம்பு வளைந்திருந்தால் உறைத்தாங்கியில் சரியாக ஏறாது. அடிமுத்திரைமேல் எஜெக்டர் துளையின் வட்டம் பதிந்து ஒளிர்ந்தால் அந்த உறை அதிக அழுத்தத்தைக் கண்டது என்று கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பிரைமர் குழி

ராணுவ உறையில் பிரைமர் கழன்றுவிடாதபடி சுற்றிலும் பித்தளையை அழுத்தியிருப்பார்கள். பழைய பிரைமரை நீக்கியபின் அந்த அழுத்தத்தை அகற்றாவிட்டால் புதிய பிரைமர் நசுங்கும். அகற்ற இரண்டு வழிகள்: உலோகத்தை அழுத்தித் தள்ளுவது, அல்லது சீவி எடுப்பது. தள்ளும் முறைக்கே என் ஓட்டு. சீவும் கருவியில் கை சற்று அதிகமாகப் போனாலும் குழியின் வாய் அகன்றுவிடும்.

குழி தளர்ந்த உறையை எந்த வகையிலும் காப்பாற்ற முடியாது. பிரைமரை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிச் சென்றால் அந்த உறையைக் கழித்துவிடுங்கள். அரைத் தானியங்கியில் கழன்ற பிரைமர் விசைப் பகுதிக்குள் விழுந்து துப்பாக்கியையே முடக்கிவிடும். .308-இல் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை பெரிய ரைஃபிள் பிரைமர் கொள்பவை. ஆனால் லபுவாவின் பால்மா உறைபோல் சிறிய பிரைமர் குழியோடு வருபவையும் உண்டு. பொறுக்கிய குவியலில் இரண்டும் கலந்திருக்கும்.

பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக்கூடாது. ஏஆர்-15, எம்1 கேரண்ட் போன்றவற்றில் சுடும் ஊசிக்கு வில் தடுப்பு இல்லை, போல்ட் மூடும் வேகத்தில் ஊசி பிரைமரைத் தொடுகிறது. ஏஆர்-15-இல் ஏற்றிவிட்டுச் சுடாமல் எடுத்த தோட்டாவின் பிரைமரில் சிறு புள்ளி தெரிவது இதனால்தான். துருத்திய பிரைமருக்கு அந்தத் தொடுதலே போதும். ராணுவத் துப்பாக்கிகளுக்கென வரும் சிசிஐ 41, பெரிய அளவில் சிசிஐ 34 ஆகிய பிரைமர்கள் இந்தக் காரணத்துக்காக உருவானவை.

ஏழாம் படி: அளவுக்குள் வருகிறதா?

கழுத்தை மட்டும் அளவு திருத்துவது போல்ட் துப்பாக்கிக்காரர்களின் சலுகை. இங்கே முழுநீள டை கட்டாயம். தோளை உங்கள் சேம்பரின் அளவிலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் வரை, அதாவது சுமார் 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஐந்தாம் படியில் பார்த்த மெலிவை நீங்களே விரைவுபடுத்துகிறீர்கள்.

ஒரு நுணுக்கம். வாயு அழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியில் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே போல்ட் திறப்பதால், சுட்ட உறை சேம்பரைவிடச் சற்று நீளமாகவே வெளிவரலாம். ஆகவே சுட்ட உறையின் அளவை அப்படியே சேம்பர் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறை அளவுமானியில் ஒன்றைப் போட்டு, அடிப்பாகம் மானியின் விளிம்பில் உள்ள இரு படிகளுக்கு நடுவே நிற்கிறதா என்று சரிபார்ப்பது பாதுகாப்பானது. அடிப்பகுதி அகன்றுபோய் மானிக்குள் இறங்க மறுத்தால், அடிப்பகுதியையும் சற்றுக் கூடுதலாக இறுக்கும் சிறு அடி டை தேவைப்படும். எல்லோருக்கும் அது தேவையில்லை.

நீளம்: .223-க்கு உச்சம் 1.760 அங்குலம், வெட்டும் அளவு 1.750. .308-க்கு 2.015, 2.005. .30-06-க்கு 2.494, 2.484. உறை நீண்டு வாய் சேம்பரின் முன்விளிம்பில் முட்டினால் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். ஒவ்வொரு முறை அளவு திருத்திய பின்பும் நீளத்தை அளக்க வேண்டும்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு சொல்

சோளத்தண்டுத் தூளிலோ எஃகு ஊசிகளிலோ உருட்டுங்கள், எது வசதியோ அது. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை மட்டும் தொடாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் உறையைச் செய்யும்போதே உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். பித்தளை இன்றும் அதே பித்தளைதான்.

எட்டாம் படி: தொகுதியாகப் பேணுங்கள்

ஒரே முத்திரை, ஒரே ஆண்டு, ஒரே எண்ணிக்கை முறை சுட்டவை. இப்படி நூறு நூறாகப் பிரித்துப் பெட்டியில் போடுங்கள். பெட்டியின் அட்டையில் முத்திரை, எத்தனை முறை சுட்டது, கடைசியாக நீளம் வெட்டிய தேதி, எந்தத் துப்பாக்கி என்று எழுதுங்கள். சுடுதளத்தில் உங்கள் உறையைப் பிறருடையதிலிருந்து பிரித்தறிய, நிரப்பும்போதே அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு நிறக் கோடு போடலாம்.

எத்தனை முறை நிரப்பலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மிதமான நிரப்பலில் நான்கு முதல் ஆறு முறை என்பது என் கணக்கு, கேரண்டில் .30-06 என்றால் நான்கோடு நிறுத்திவிடுவேன். கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கினால் கழுத்து வெடிப்பு தள்ளிப்போகும், குண்டின்மேல் கழுத்தின் பிடியும் சீராக இருக்கும். போல்ட் அடிக்கிற வேகத்தில் குண்டு உள்ளே நழுவாமல் இருக்க அந்தப் பிடி அவசியம். ஆனால் அது அடிப்பாகத்து மெலிவை மாற்றாது. அடிப்பாகத்துக்குச் சூடு ஏறிவிட்டால் உறையே ஆபத்தாகிவிடும். தொகுதியில் நான்கைந்து உறைகளில் கவ்வி தடுக்கினால் மீதியையும் சேர்த்தே கழிப்பவன் நான்.

கழித்த உறையின் வாயை உடனே இடுக்கியால் நசுக்கிவிட்டுப் பழைய உலோகப் பெட்டியில் போடுங்கள். நசுக்காத உறை அடுத்த முறை மேசையைத் துடைக்கும்போது எப்படியோ நல்ல பெட்டிக்குள் திரும்பிவந்துவிடுகிறது.